ஆறு நாள் பயணம் செய்து வரும் அலை

காற்று அசையாத ஜூலை மாதக் காலையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம் குடாவின் தெற்கு முனையில் ஆளுயர அலைகள் உடைந்துகொண்டிருக்கும். கரையில் தென்னை ஓலை ஆடாது. வங்காள விரிகுடாவில் புயல் எதுவும் இருக்காது. அப்படியானால் இந்த அலைகளை எழுப்பிய காற்று எங்கே வீசியது?

இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனையிலிருந்து நேர் தெற்கே போனால் அண்டார்க்டிகா வரை குறுக்கே நிலமே கிடையாது. அந்த நீர்வெளியின் தென்பகுதியில், 40 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆண்டு முழுவதும் உலகைச் சுற்றி வருகிறது. தென் அமெரிக்காவின் தென்முனையை விட்டால், அதைத் தடுத்து நிறுத்த அங்கே பெரிய நிலப்பரப்பு இல்லை. சில நாட்களுக்கு ஒரு முறை தாழ்வழுத்தப் புயல் ஒன்று அந்தப் பட்டை வழியாகக் கடந்து போகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். புயல்கள் உக்கிரமாக இருக்கும் காலமும் அதுதான். அறுகம் குடாவை அடுத்த பொத்துவில் கரையில் உடையும் அலைகள் பிறப்பது அங்கே.

ஓர் அலை எவ்வளவு வளரும் என்பது மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது விடாமல் வீசும் நேரம், அது வீசிச் செல்லும் கடற்பரப்பின் நீளம். ஏரியில் எவ்வளவு பலத்த காற்று அடித்தாலும் பெரிய அலை எழாததற்கு மூன்றாவதுதான் காரணம். தென்கடலில் மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் புயலுக்குள்ளே இருக்கும் கடலில் யாரும் பலகையில் சறுக்க முடியாது. குட்டையும் நெட்டையுமாக எல்லா அளவு அலைகளும் எல்லாத் திசையிலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குமுறும் இடம் அது. அந்தக் குமுறலை ஒழுங்கான வரிசைகளாக மாற்றுவது தூரம்.

ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரத்தை அலைக்காலம் என்போம். ஆழ்கடலில் அலைக்காலம் கூடக் கூட அலையின் வேகமும் கூடும். 16 விநாடி அலைக்காலம் கொண்ட அலைகளில் முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 400 மீட்டர் இடைவெளி இருக்கும். ஒவ்வொரு முகடும் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் அலைக்கூட்டம் சுமந்து வரும் ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். கூட்டத்தின் பின்புறம் புதிய முகடு ஒன்று முளைத்து, கூட்டத்தின் ஊடாக முன்னேறி, முன்வரிசையை அடைந்ததும் தேய்ந்து மறைந்துவிடும். ஆகவே பயணக் கணக்குக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். தெற்கே 50 டிகிரி அட்சத்திலிருந்து அறுகம் குடாவுக்குச் சுமார் 6,300 கிலோமீட்டர். 140 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவு. அதே தூரத்தைக் கடக்க 12 விநாடி அலைகளுக்கு எட்டு நாள் ஆகும். ஒரே புயலில் ஒன்றாகப் பிறந்த அலைகள் வழியிலேயே பிரிந்து, நெடியவை முதலாவதாகவும் குறுகியவை பின்னாலும் வந்து சேருகின்றன.

இதில் பயணம் செய்வது நீர் அல்ல. நீர்த்துளி ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே ஒரு வட்டம் அடித்துவிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. வட்டத்தின் அளவு ஆழம் போகப் போகச் சுருங்கி, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் அநேகமாக ஒன்றுமில்லாமல் போகும். சில டிகிரி வெப்பமே உள்ள கடலில் பிறந்த அலையை, 28 டிகிரி வெதுவெதுப்பான நீரில் மேல்சட்டைகூட இல்லாமல் சந்திக்க முடிவது இதனால்தான். குளிர் அங்கேயே தங்கிவிடுகிறது. வந்து சேருவது ஆற்றல் மட்டுமே.

அலைகள் இவ்வளவு தூரம் வர முடியும் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அளவீடுகளால் உறுதியானது. அதை அளந்து காட்டியவர்களில் ஒருவர் வால்டர் மங்க். வியன்னாவில் 1917இல் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றி, 2019இல் 101 வயதில் மறைந்தவர். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கும் நாட்களுக்கு அலை உயரத்தை முன்கணிக்கும் முறையை அவரும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வகுத்தார்கள். இன்று கைப்பேசியில் அலை முன்னறிவிப்பைப் பார்க்கும் ஒவ்வொரு சர்ஃபரும் அந்தப் போர்க்காலக் கணக்கின் வாரிசு. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவுக்குத் தெற்கே, மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே மங்க் குழுவினர் கடலடியில் அழுத்தமானிகளை வைத்து அளந்தபோது, சில அலைகளின் பிறப்பிடம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி என்று தெரியவந்தது. உலகின் பாதிச் சுற்றளவுக்கு நெருங்கிய தூரம்!

அவர்கள் பயன்படுத்திய சூத்திரம் எளிமையானது, அழகானது. நெடிய அலைகள் முதலில் வருகின்றன, பிறகு அலைக்காலம் மெல்லக் குறைகிறது. அந்தக் குறைவு விரைவாக நடந்தால் புயல் பக்கத்தில் இருந்தது, மெதுவாக நடந்தால் தொலைவில் இருந்தது என்று பொருள். கடலடியில் ஒரு கருவியை வைத்துவிட்டு, அலைகள் மாறும் வேகத்தை வைத்தே புயல் எங்கே, எப்போது அடித்தது என்று சொல்லிவிடலாம். 1963இல் நியூசிலாந்து, சமோவா, பால்மைரா பவளத்தீவு, ஹவாய், நடுக்கடலில் நிறுத்திய ஒரு மிதவைக் கலம், அலாஸ்கா என ஒரே கோட்டில் நிலையங்கள் அமைத்து, 10,000 கிலோமீட்டருக்கும் மேலாக அலைகளைப் பின்தொடர்ந்தார்கள். புயலின் அண்டைப் பகுதியைத் தாண்டிவிட்டால் நெடிய அலைகள் வழியில் இழக்கும் ஆற்றல் மிகச் சொற்பம் என்பது அந்த ஆய்வின் முடிவு. இத்தகைய தொலைதூர அலையைத்தான் கடலில் இறங்குபவர்கள் ஸ்வெல் என்கிறார்கள்.

முன்னறிவிப்புகளில் பலரும் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பலகையைத் தூக்குகிறார்கள். அது போதாது. ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரம், 8 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சில்லறை அலை. அதே ஒரு மீட்டர், 16 விநாடி என்றால் அதன் ஆற்றல் ஓட்டம் இரு மடங்கு. ஆழம் குறையும்போது அது கூடுதலாக நிமிரவும் செய்யும். மூன்றாவது எண் திசை. இலங்கையின் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை எல்லா ரகசியமும் இந்தத் திசையில்தான் இருக்கிறது.

வரைபடத்தில் அம்பாந்தோட்டையிலிருந்து பொத்துவில் வரை கரையைத் தொடர்ந்து பாருங்கள். அது வடகிழக்காக ஏறுகிறது. தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் இந்தக் கரையை நேராக மோதாமல் சாய்வாக உரசிக்கொண்டு போகும். வழியில் பாறை முனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் நீண்டிருக்கின்றன: உகந்தை, பாணமைக்கு அப்பால் பீனட் ஃபார்ம், அறுகம் குடா, விஸ்கி பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட். முனையைச் சுற்றும்போது அலையின் ஒரு நுனி ஆழம் குறைந்த பாறைமேல் வந்துவிடுகிறது. மறு நுனி இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் குறையும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நடையைத் தளர்த்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்புமல்லவா, அப்படியே அலைவரிசையும் முனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடாவுக்குள் வளைகிறது. ஆழ்கடலில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடிய முகடு, இரண்டு மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும்.

இப்படி வளைந்து வருவதால் அலை ஒரே நேரத்தில் நீளம் முழுவதும் உடைவதில்லை. முனையின் நுனியில் உடையத் தொடங்கி, அந்த உடைப்பு கரையோரமாக நகர்ந்துகொண்டே போகிறது. சறுக்குபவர் நிற்பது உடைந்த நுரைக்கும் உடையாத சுவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு புள்ளியில். அலை நல்ல அளவில் வரும் நாளில் அறுகம் குடாவின் மெயின் பாயிண்டில் இந்த ஓட்டம் சில நூறு மீட்டர் நீளும். நேரான கரையில் நேராக வந்து விழும் அலை எத்தனை உயரமாக இருந்தாலும் சறுக்குவதற்கு உதவாது. இடிந்து விழும், அவ்வளவுதான்.

இந்தக் கரையின் முனை அலைகள் எல்லாம் வலப்பக்கம் ஓடுபவை. சறுக்குபவர் கரையை, அதாவது மேற்கை நோக்கி நிற்கிறார். தெற்கிலிருந்து வந்த அலை அவரைக் கடந்து வடக்கே உரிந்துகொண்டு போகிறது. அவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம்.

அலையின் ஆற்றல் முனையில் குவிகிறது. குடாவுக்குள் விரிந்து பரவி மெலிகிறது. குடாவை ஒட்டிய உல்லைக் கிராம மீனவர்களின் படகுகள் குடாவின் தெற்கு மூலையில், முனையின் மறைவில் இழுத்து வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஸ்வெல்லைப் பற்றிய எந்தச் சமன்பாடும் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். வெளிநாட்டு சர்ஃபர்கள் இந்தக் கரையைக் கண்டுபிடித்ததாகப் பெருமையோடு எழுதுகிறார்கள். கடலை வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே எப்போதும் இருந்தார்கள் என்பதை அந்தப் படகு மூலையே சொல்லும்.

பொத்துவிலுக்கு வடக்கே கரை திசை மாறி, மெல்ல வடமேற்காகத் திரும்புகிறது. தெற்கு ஸ்வெல்லுக்கு முதுகு காட்டும் அந்தக் கரையில், நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள பாசிக்குடாவில், அதே ஜூலையில் குழந்தைகள் இடுப்பளவு நீரில் பயமின்றி நிற்கலாம்.

இனி காற்று. பயணக் கையேடுகள் எல்லாம் ஒரே வாய்பாட்டைச் சொல்கின்றன: நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரை, மே முதல் அக்டோபர் வரை கிழக்குக் கரை. வாய்பாடு சரி. அலையே தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குடிபெயர்கிறது என்ற எண்ணத்தை அது ஏற்படுத்துவதுதான் தவறு. ஸ்வெல் ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்தே வருகிறது. மாறுவது காற்று.

ஜூலையில் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவையிலும் வெலிகமவிலும் அலை குறைவதில்லை. மாறாக, ஆண்டிலேயே மிகப் பெரிய அலைகள் அப்போதுதான் அங்கே மோதுகின்றன. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. அது முகடுகளை முன்னால் தள்ளி நேரத்துக்கு முன்பே உடைத்துவிடும். ஸ்வெல்லின் மேல் தன் சொந்தக் குட்டை அலைகளையும் அள்ளிப் போடும். அதே காற்று மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது காய்ந்து சூடேறுகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அலுத்துக்கொள்ளும் கச்சான் அதுவே. பயிரை வாட்டும் அந்தக் காற்று அறுகம் குடாவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வரும் அலையின் முகத்தை எதிரே நின்று தாங்கி, உடைவதைச் சற்றுத் தாமதப்படுத்தி, சுவரை நிமிர்த்தி வழவழப்பாக்குகிறது. டிசம்பரில் வாடைக்காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். அப்போது வங்காள விரிகுடா அனுப்பும் குறுகிய, கலங்கிய அலைகள் கிழக்குக் கரையை நேரே அடிக்கும். தென்மேற்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து வீசி, தெற்கு அரைக்கோளக் கோடையின் சாதுவான ஸ்வெல்லைச் சீவி விடும்.

பருவக்காற்றுக்குள் நாள்காற்று ஒன்றும் இருக்கிறது. இரவில் நிலம் குளிர்ந்து கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போகும். வெயில் ஏறியதும் கடற்காற்று உள்ளே வரும். விடியற்காலையில் முனையில் கூட்டம் நெரிவதும் பகலில் கரைவதும் இதனால்தான்.

தென்மேற்குக் கரை இடங்களைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஓர் ஒப்பீடு மட்டும் போதும். அலை ஏறத்தாழ தன் உயரத்தைவிடக் கால்பங்கு கூடுதலான ஆழத்துக்கு வரும்போது உடைகிறது: ஒன்றரை மீட்டர் அலைக்கு இரண்டு மீட்டர் ஆழம். அந்த ஆழத்துக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் உடையும் விதத்தைத் தீர்மானிக்கும். வெலிகமவின் அகன்ற மணல் தரை மெதுவாக ஏறுகிறது. அலை உச்சியிலிருந்து நுரையாகச் சரிந்து நெடுநேரம் உருளும். முதல்முறை பலகையில் எழுந்து நிற்பவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். மிதிகமவில் தரை பாறைப் பாராகச் சட்டென்று உயர்வதால், அதே ஸ்வெல் செங்குத்தாக எழுகிறது. உதடு போன்ற அதன் உச்சி முன்னால் வீசி விழுகிறது.

மெயின் பாயிண்டில் நீருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலான நேரம் செய்வது காத்திருப்பது. பல நிமிடம் ஒன்றும் வராது. ஏறக்குறைய ஒத்த அலைக்காலம் கொண்ட இரண்டு வரிசைகள் சேர்ந்து வரும்போது, சில இடங்களில் முகடும் முகடும் கூடி உயரும். சில இடங்களில் முகடும் பள்ளமும் சேர்ந்து அழியும். எனவே பெரிய அலைகள் நாலைந்தாகக் கூட்டமாக வருகின்றன. முனைக்கு அப்பால் தொடுவானம் ஒரு கோடாகக் கறுக்கும்போது, நன்கு பழகிய உள்ளூர் இளைஞர்கள் மற்றவர்களுக்கு முன்பே துடுப்பிடத் தொடங்கிவிடுவார்கள். முதல் அலையை அவர்கள் அநேகமாக விட்டுவிடுவார்கள். அது வரும் முன் பாறைமேல் இருந்த நீர் பின்வாங்கி, பாரின் கரிய முதுகு ஒரு கணம் தெரியும். எவ்வளவு நீர் மிச்சம் என்பதை அந்தக் கணத்தில் கணித்துக்கொள்கிறார்கள். இலங்கைக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் ஆழமில்லாத பாறையில் அரை மீட்டர் என்பது முழங்காலில் கீறலா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற அளவு. இரண்டாவது, மூன்றாவது அலைகள் அவர்களுடையவை.

கரையில் குவியும் நீர் ஏதோ ஒரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். முனையை ஒட்டிய ஆழமான கால்வாயில் அது கடலை நோக்கி ஓடும். பழகியவர்களுக்கு அது களைப்பில்லாமல் வெளியே போகும் வழி. பழகாதவர்களுக்கு அலை உடையாத, அமைதியாகத் தெரியும் அந்த இடமே மிகவும் ஆபத்தானது. இழுபட்டால் எதிர்த்து நீந்தக்கூடாது. பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

இதே தெற்கு ஸ்வெல் இந்தியக் கரைக்கும் வருகிறது. காற்றோ மழையோ இல்லாத நாளில் கடல் திடீரென ஊருக்குள் ஏறுவதைக் கேரள, குமரி மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இத்தகைய அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. மங்கின் கணக்கு நமக்குப் பல நாள் அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் கடற்கரைக்கு வருபவரின் காதுவரை போய்ச் சேராமல் இருப்பது எனக்குப் பொறுக்க முடியாததாகத் தோன்றுகிறது. கள்ளக்கடலைச் சுனாமியோடு குழப்பக் கூடாது. சுனாமி வேறு வகை. காற்று அதை எழுப்புவதில்லை. அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரை போகும், ஆழ்கடலில் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 அன்று அது சுமத்ராவிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரமே எடுத்தது. அறுகம் குடாவும் பொத்துவிலும் அன்று பட்ட அடி, அங்குள்ள குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை.

கடைசியாக மணல். மெயின் பாயிண்டுக்கு அடியில் பாறை இருக்கிறது. விஸ்கி பாயிண்டுக்கும் பொத்துவில் பாயிண்டுக்கும் பாறை கொஞ்சம், மணல் அதிகம். சாய்வாக வரும் ஸ்வெல் கரையோரமாக ஒரு நீரோட்டத்தை உண்டாக்கி, மணலை வடக்கே நகர்த்துகிறது. ஒவ்வொரு முனையின் மறைவிலும் அதில் ஒரு பகுதி படிந்து, அலை சீராக உரிவதற்கான தளமாக அமைகிறது. வாடைக்காலத்து அலைகள் அதைக் கலைத்துவிடும். மே மாதம் வரும் முதல் ஸ்வெல்கள் மறுபடி அடுக்கத் தொடங்கும். பருவத்தின் தொடக்கத்தில் இந்த இரண்டு இடங்களும் ஏமாற்றுவதற்கும், போகப் போக மெருகேறுவதற்கும் இதுவே காரணம்.

மணல் ஓட்டத்தின் குறுக்கே கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று அதே அம்பாறைக் கரையில், பொத்துவிலுக்கு வடக்கே இருக்கிறது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் அலைத்தடுப்புச் சுவர்களுக்குத் தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்புகள் போயின, மீனவர்கள் படகு நிறுத்தும் கரை போயிற்று. பாணமையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையில் நாளை ஒரு தடுப்புச் சுவரோ இறங்குதுறையோ முன்மொழியப்பட்டால், முதல் கல்லுக்கு முன்பு ஓர் ஆண்டு முழுவதும் மணலை அளக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் அது வடக்கே போவதை அளந்தால் மட்டும் போதாது. வாடையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும் அளந்தாக வேண்டும்.